மூவாயிரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத் தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து மேலே ஏறும் தனியார் சாலையில் கார் ஏற்றப் பந்தயம், ஒவ்வொரு காராக நேரம் பிடித்து மேலே விடுவார்கள். வரிசையில் என் மனைவி ஸ்டெல்லாவின் காரும் நிற்கிறது. வண்டிகளைச் சோதிக்கிற இளைஞர் எங்களிடம் வந்தார். காருக்குள் லூசாக எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்பது விதி.

டிக்கியைத் திறந்தார். ஒரு குடையை எடுத்தார். அப்புறம் இன்னொரு குடை. ஒற்றைக் குழந்தைச் செருப்பு. ரேஷன் கடைப் பை. சீட்டுக்கு அடியிலிருந்து யாரோ மறந்துபோன மூக்குக் கண்ணாடி. கடைசியாக, சாக்கில் கட்டின கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு... இரண்டு கைகளாலும் தூக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் புல்லில் பரப்பி வைத்துவிட்டு டாஷ்போர்டை எட்டிப் பார்த்தார். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற ஆர்.பி.எம். மீட்டரின் கண்ணாடியில், மூவாயிரத்துக்கு நேராக, ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

"இது எந்தா டீச்சரே?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"அது பாக்கியம் அக்காவோடது," என்றாள் ஸ்டெல்லா, ஹெல்மெட்டுக்குள் இருந்து.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்கும் புரிந்திருக்காது. சொல்கிறேன்.

இந்தப் பக்கத்துக்கு வாராவாரம் வருகிறவர்களுக்கு ஸ்டெல்லாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — அவள் கணக்கு டீச்சர். தமிழ் மீடியம். தோட்டத்து லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு, வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள்; இன்றைக்கும் எங்கள் வீடு அங்கேதான். ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பழகியது அவள் அண்ணன் அந்தோணியின் ஜீப்பில். நானோ போடிக்காரன், பேங்க் உத்தியோகம். சமவெளி உடம்பு. கொண்டை ஊசி வளைவு வந்தால் கையில் எலுமிச்சம்பழம் வேண்டும். எங்களுக்கு எப்படிக் கல்யாணம் ஆனது என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வருஷம் இதே பந்தயத்தில் பெண்கள் பிரிவு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். ஸ்டெல்லா பெயர் கொடுத்தாள். நாங்கள் சந்தைக்கும் சர்ச்சுக்கும் ஓட்டுகிற அதே பழைய சின்னக் கார். பாதிச் சாலை வரைக்கும் நன்றாகத்தான் ஏறினாள். அப்புறம் எஞ்சினுக்குள் டமார் என்று ஒரு சத்தம். பிஸ்டனில் ஓட்டை. பானெட்டிலிருந்து புகை. கார் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தோணி மச்சான் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார், கயிற்றைக் கட்டினார், இழுத்துக்கொண்டு வந்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் முழுக்க ரோட்டின் இரண்டு பக்கமும் நிற்கிறது. அதன் நடுவில் ஜீப், பின்னால் கயிறு, கயிற்றுக்குப் பின்னால் என் மனைவி. மைக்கில் ஒருவர் அவள் பெயரைத் தப்பாகச் சொல்லி அதையும் வர்ணித்தார். வீடு வந்து சேரும்வரைக்கும் ஸ்டெல்லா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. புழுங்கவில்லையா என்று கேட்கப் போனவன், ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பசிக்கிறதா என்று மாற்றிக் கேட்டேன்.

மறுநாள் காப்பி குடிக்கும்போது சொன்னாள். "எஞ்சினை இறக்கணும். அடுத்த வருஷம் மேல வரைக்கும் போகணும். ஜெயிக்கல்லாம் வேண்டாம். கயிறு இல்லாம வீட்டுக்கு வரணும், அவ்வளவுதான்."

சாதாரண ரிப்பேர் போதாதா? போதாதாம். பழைய மாதிரியே செய்தால் பழைய மாதிரியே உடையும் என்றாள். கணக்கு டீச்சரின் கணக்கு அது.

மெக்கானிக் பெயர் ஜெபராஜ். ஊருக்குள் ஷெட் வைத்திருக்கிறார். அடக்கம் என்பது என்ன விலை என்று கேட்கிற மனிதர். தான் கட்டின எஞ்சின் எதுவும் இதுவரை மலையில் நின்றதில்லை என்பார். நிற்கிற எஞ்சினைப் பார்த்தால் அது வேறு யாரோ கட்டினது என்பார். ஆனால் வேலைக்காரர். கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வந்ததும் பிரித்து எனக்குப் பாடமே நடத்தினார். கம்பெனி பிஸ்டனை அச்சில் ஊற்றி எடுப்பார்களாம். இது அழுத்தி அடித்து எடுத்த ஃபோர்ஜ்டு பிஸ்டன், சூட்டுக்கும் அடிக்கும் தாங்கும். கனெக்டிங் ராடும் அதே ரகம். வால்வைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைக்கிற கேம் ஷாஃப்ட். அதற்கு ஈடு கொடுக்கிற வால்வு ஸ்பிரிங். எல்லாம் உள்ளேதான். வெளியே பார்த்தால் அதே சர்ச்சுக்குப் போகிற கார்.

புது பிஸ்டனுக்குத் தகுந்த மாதிரி சிலிண்டரைத் தேனியில் கடைந்து கொண்டுவந்தாகிவிட்டது. இனி எஞ்சினைக் கட்ட வேண்டியதுதான். அங்கேதான் முதல் சிக்கல்.

எங்கள் மலையில் கோடை மழை ஆரம்பித்திருந்தது. மழை இல்லாவிட்டால் மஞ்சு. ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்காரும். துணி மூன்று நாளானாலும் காயாது. இந்த ஈரத்தில் புதிதாகக் கடைந்த சிலிண்டரைக் கழுவித் திறந்து வைத்தால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் துரு பூத்துவிடும். ஜெபராஜின் ஷெட்டுக்கோ மூன்று பக்கம்தான் சுவர். ஈரம் இல்லாத, தூசி இல்லாத, கதவு மூடுகிற ஒரு ரூம் வேண்டும் என்றார். இந்த மலையில் அப்படி ஒரு ரூமா?

இருக்கிறது. ஏலக்காய் ஸ்டோர். பறித்த காயைச் சூடு காட்டி உலர்த்துகிற கட்டடம். ஏலக்காய்க்கு ஈரம் ஆகாது, எஞ்சினுக்கும் ஆகாது. பறிப்பு தொடங்க இன்னும் காலம் இருந்ததால் ஸ்டோர் காலியாகக் கிடந்தது.

அந்த ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர் பாக்கியம் அக்கா. லயத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. கனமான உடம்பு, அதைவிடக் கனமான குரல். முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை — உள்ளே பெட்ரோல் வரக் கூடாது, பெயின்ட் வரக் கூடாது, வாசனையாக எதுவும் வரக் கூடாது. அடுத்த பறிப்பின் காயில் வாடை ஏறினால் முதலாளி அவரைத்தான் பிடிப்பார். கழுவுகிற வேலையை வெளியே முடித்து, பளிச்சென்று துடைத்த பாகங்களை மட்டும் ஜெபராஜ் உள்ளே கொண்டுபோனார், செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டு. பாக்கியம் அக்கா ஒவ்வொரு பாகத்தையும் மோந்து பார்த்து அனுப்பினார்.

அப்படி எங்கள் எஞ்சின் கதகதப்பான ரூமில், பலகைத் தட்டுகளுக்கு நடுவில் பிறந்தது. காயில் எஞ்சின் வாடை ஏறவில்லை. எஞ்சினில்தான் காய் வாடை ஏறியது. முதல்முறை ஸ்டார்ட் செய்து சூடானபோது பானெட்டுக்கு அடியிலிருந்து லேசாக ஏலக்காய் மணம் வந்தது. ஜெபராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கர்வம் பிடித்த மனிதர்கள் அழுதால் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா?

காலைக் குளிரில் எஞ்சின் கடகடவென்று சத்தம் போட்டது. நான் பதறிவிட்டேன். அந்தப் பிஸ்டனுக்கு இடம் கொஞ்சம் தாராளமாக விட வேண்டுமாம். சூடேறி விரிந்ததும் அடங்கிவிடுமாம். "உங்க மாதிரிதான்," என்றாள் ஸ்டெல்லா. "காப்பி உள்ளே போற வரைக்கும்தான் சத்தம்."

இனிமேல்தான் கதை.

புது எஞ்சினை அன்றைக்கே விரட்ட முடியாது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் பக்குவமாக ஓட்டிப் பழக்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையங்கள் — ரிங் என்பார்கள் — சிலிண்டர் சுவரோடு உரசி உரசி அதோடு பொருந்தி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எஞ்சினுக்கு முழு பலம். உட்காராவிட்டால் அந்த இடுக்கு வழியாக ஆயில் மேலே ஏறி எரிந்து, புகையாக வெளியே வரும். வேகமாக ஓட்டுவதற்காகவே கட்டின எஞ்சினை மாட்டு வண்டி மாதிரி ஓட்ட வேண்டும் என்பதில் இருக்கிற வேடிக்கையை நான் மிகவும் ரசித்தேன்.

ஜெபராஜ் எங்கள் வாசலில் நின்று மூன்று விதிகள் சொன்னார். மூவாயிரம் ஆர்.பி.எம்.மைத் தாண்டக் கூடாது. ஒரே வேகத்தில் போகக் கூடாது, ஏற்றத்தில் நன்றாக மிதிக்க வேண்டும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு, வண்டியைக் கியரிலேயே விட்டு இறங்க வேண்டும். போடிமெட்டு மலைப் பாதையே போதும், ஏறி இறங்குங்கள் என்றார்.

பேசியது எங்கள் வாசலில். கேட்டது மொத்த லயமும். ஒட்டு வீடுகளில் ரகசியம் என்று ஒன்று உண்டா என்ன?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலே போகிற வண்டியோ கீழே போகிற வண்டியோ, காலி சீட்டோடு போகக் கூடாது. யாராவது கை காட்டுவார்கள், வண்டி நிற்கும். நிற்காமல் போனவனைப் பற்றி சாயங்காலம் டீக்கடையில் பேச்சு நடக்கும். இந்த ஊரில் போய், ஒரு கார் வேலையே இல்லாமல் ஆயிரம் கிலோமீட்டர் சும்மா போய் வரப்போகிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அன்று மாலைக்குள் எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள். ஒருவருக்கு போடியில் கண்ணாடி மாற்ற வேண்டும். ஒருவருக்கு மகளுக்குச் சடங்குப் புடவை எடுக்க வேண்டும். ஒருவருக்குத் தேனியில் பல் பிடுங்க வேண்டும்... அந்தப் பல் போன வருஷத்திலிருந்து வலிக்கிறதாம், இந்தக் காருக்காகத்தான் காத்திருந்தது போல. எடை குறைக்கக் கழற்றிப் போட்ட பின் சீட்டை ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே மறுபடி மாட்டினாள்.

முன் சீட்டு பாக்கியம் அக்காவுக்கு. ஸ்டோர் கொடுத்தவர், கேட்க ஆள் உண்டா? ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மீட்டர் கண்ணாடியில் மூவாயிரத்தில் ஒட்டினார். முள் இந்தப் பொட்டைத் தொடக் கூடாது, தொட்டால் நான் சத்தம் போடுவேன் என்றார். போட்டார். அவர் இல்லாத நாட்களில் முன் சீட்டில் யார் இருந்தாலும் அந்தக் கடமையைச் செய்தார்கள். பல் வலிக்காரர் பல் பிடுங்கி வாயில் பஞ்சோடு திரும்பும்போதும், பொட்டைக் காட்டி "ம்ம்... ம்ம்..." என்றார்.

அந்தச் சமயம் ஸ்டெல்லாவுக்கு விடைத்தாள் திருத்துகிற கேம்ப் வந்துவிட்டது. சனி, ஞாயிறு மட்டும்தான் ஓட்ட முடியும். பந்தய நாளோ நெருங்குகிறது. அந்தோணி மச்சான் தானே முன்வந்தார். காலையில் போடியிலிருந்து தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றி வருவார், சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். நடுப்பகலில் ஜீப்புக்கு வேலையில்லை. தங்கைக்காகத் தினமும் அந்த நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு மலையில் இறங்கி ஏறினார்.

அவர் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. போன வருஷம் அந்தக் கயிற்றைக் கட்டினது அவர் கை. கூட்டத்துக்கு நடுவில் தங்கையை இழுத்துக்கொண்டு வந்தது அவருக்குப் பெரிய வருத்தம். ஆகவே கடைசி கிலோமீட்டர் வரைக்கும் ஒரு தாய் மாதிரி அந்தக் காரை ஓட்டினார்.

மீட்டரில் கிலோமீட்டர் ஏறியது. ஆயிரத்தை நெருங்கியது. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை.

பந்தயத்துக்கு முந்தைய ஞாயிறு. பூசை முடிந்து சர்ச் வாசலில் கூட்டம். ஸ்டெல்லா காரை ஸ்டார்ட் செய்து ஒரு மிதி மிதித்தாள். பின்னாலிருந்து நீலப் புகை. கொஞ்ச நஞ்சமல்ல. சர்ச் படிக்கட்டு மறைந்துவிட்டது. புகைக்குள்ளிருந்து ஃபாதரின் இருமல் மட்டும் கேட்டது.

ஸ்டெல்லா எஞ்சினை அணைத்தாள். ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தாள். போன வருஷம் பானெட்டிலிருந்து வந்த புகை அவள் கண்ணுக்குள் வந்திருக்கும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து முன்னால் பார்த்தேன்.

ஜெபராஜ் வந்தார். ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் கணிசமாகக் குறைந்திருந்தது. பிளக்கைக் கழற்றினார், அதில் ஆயில் படிந்திருந்தது. ரிங் உட்காரவேயில்லை என்றார். தான் கட்டினதில் பிழை இருக்க முடியாது என்பதை மூன்று விதமாகச் சொல்லிவிட்டு, யார் ஓட்டினது, எப்படி ஓட்டினது என்று விசாரணையை ஆரம்பித்தார்.

அந்தோணி மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். ஏற்றத்தில் பொட்டுக்கு ஒரு விரற்கடை கீழேயே வைத்து, நோகாமல் ஏற்றினாராம்.

"சரி. எறக்கத்துல?" என்றார் ஜெபராஜ்.

"எறக்கத்துல என்னத்த? நியூட்ரல்ல போட்டு விட்டுட்டேன். ஏறி வந்த எஞ்சினு பாவம்ல, கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்னு."

ஜெபராஜ் ஆயில் குச்சி பிடித்த கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

மலை ஜீப் டிரைவர்களில் பழைய ஆட்களுக்கு இது கை வழக்கம். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் கியரை நழுவ விட்டுவிடுவார்கள். ஆபத்தான வழக்கம். பிரேக்கை நம்பி உயிரைக் கொடுக்கிற வேலை. பல தடவை சொல்லியும் மச்சான் காதில் ஏறவில்லை. இந்தத் தடவை மிச்சம் பிடிக்கவில்லை, பாசத்தில் செய்திருக்கிறார். தங்கையின் எஞ்சினுக்கு மலை நெடுக ஓய்வு கொடுத்திருக்கிறார்!

ஜெபராஜ் விளக்கினார். கியரில் இறங்கும்போதுதான் பிஸ்டன் உறிஞ்சி இழுக்கும், ரிங் நன்றாக உரசிச் சுத்தமாகும். ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு தள்ளும். இரண்டும் நடக்கவில்லை. சக்கரம் உருண்டது, மீட்டர் ஓடியது. எஞ்சின் பாதி வழி தூங்கிக்கொண்டு வந்திருக்கிறது. இதற்கு மேல் தாமதித்தால் சிலிண்டர் சுவர் பளபளவென்று வழுக்கலாகிவிடும். அப்புறம் ரிங் உட்காராது, திரும்ப எஞ்சினை இறக்க வேண்டியதுதான். பந்தயத்துக்கு முன்னால் அதற்கு நேரமில்லை.

மச்சானின் முகம் விழுந்துவிட்டது. தங்கையைப் பார்க்க முடியாமல் சர்ச் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கயிறையும் நான்தான் கட்டினேன், இதையும் நான்தான் கெடுத்தேன்," என்றார்.

ஸ்டெல்லா காரிலிருந்து இறங்கி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "அண்ணே, நீ ரெஸ்ட் குடுத்தது போதும். இப்ப வேலை குடுக்கலாம்," என்றாள்.

வழி ஒன்று பாக்கி இருந்தது. நல்ல பாரம் ஏற்றி, மலையில் மிதித்து ஏறி, கியரில் இறங்கி, திரும்பத் திரும்பச் செய்வது. பாரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்றார் ஜெபராஜ்.

பாரமா? எங்கள் லயத்திலா?

அன்றைக்கே பாக்கியம் அக்கா பொறுப்பை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று ஆட்களை மேலும் கீழும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒல்லியாக இருப்பதற்காக மக்கள் வருத்தப்பட்டதைப் பார்த்தேன். ஒருவர் இடுப்பில் சுருக்குப் பையில் கல் வைத்திருந்தார் என்று பேச்சு. கப்பைக் கிழங்குச் சாக்கு டிக்கியில் ஏறியது அன்றைக்குத்தான். பின் சீட்டில் மூன்று கனவான்கள், முன்னால் பாக்கியம் அக்கா. எனக்கு இடமில்லை என்று நிம்மதியாக இருந்தேன். கிளம்புவதற்கு முன்பே ஓர் ஆள் தலை சுற்றி இறங்கிவிட, என் தொந்தியைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

அந்தோணி மச்சானுக்கு வேறு வேலை. போடிமெட்டு டீக்கடைக்கு எதிரில், மேலே வருகிற வண்டியின் பின்பக்கம் நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்று புகையைப் பார்க்க வேண்டும். காலையில் டீயோடு போய் நின்றவர்தான்.

போடிமெட்டிலிருந்து மலை அடிவாரத்து முந்தல் வரைக்கும் இரண்டாவது கியரில் இறங்கினோம். ஸ்டெல்லா காலை எடுத்ததும் எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்தியது. பின் சீட்டில் ஒருவர் ஜெபமாலையை எடுத்தார், பக்கத்திலிருந்தவர் முருகனைக் கூப்பிட்டார், நான் எலுமிச்சம்பழத்தைக் கூப்பிட்டேன். கீழே போய்த் திரும்பினோம். ஏற்றத்தில் ஸ்டெல்லா மிதித்தாள். முள் பொட்டைத் தாண்டியது.

"டீச்சரு, பொட்டு... பொட்டு," என்று பாக்கியம் அக்கா குரல் கொடுத்தார். ஜெபராஜ் இப்போது நாலாயிரம் வரைக்கும் போகலாம் என்று சொல்லியிருந்ததை ஸ்டெல்லா ஞாபகப்படுத்தினாள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பழகின வாய் அல்லவா? முள் தாண்டும் ஒவ்வொரு தடவையும் முனகிக்கொண்டே வந்தார்.

முதல் நடையில் மச்சான் தலையை ஆட்டினார். புகை இருந்தது. இரண்டாவது நடையில் கையை இப்படியும் அப்படியும் அசைத்தார். அப்புறம் மஞ்சு இறங்கிவிட்டது, புகை எது மேகம் எது என்றே தெரியவில்லை. டீக்கடையில் காத்திருந்தோம். வண்டி நிறைய ஆட்கள் பஜ்ஜி சாப்பிட்டு பாரத்தை இன்னும் கூட்டினார்கள். மஞ்சு விலகியதும் மறுபடி இறங்கினோம், ஏறினோம். எத்தனை நடை என்று எனக்கு நினைவில்லை. என் குடலுக்கு நினைவிருக்கும்.

மதியம் சாய்ந்த நேரம் ஒரு தடவை மேலே வந்தபோது, மச்சான் ரோட்டோரத்தில் கையிலிருந்த டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். வண்டி கடந்த பிறகும் பார்த்தார். அப்புறம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எங்கள் பின்னாலேயே ஓடி வந்தார். அறுபதை நெருங்குகிற ஆள், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு. ஸ்டெல்லா வண்டியை ஓரம் கட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னலில் வந்து நின்றார்.

"இல்ல பாப்பா. ஒரு பொட்டுப் புகை இல்ல."

அவள் ஸ்டீயரிங்கை விட்டாள். ஜன்னல் வழியாக அண்ணனின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். பின் சீட்டில் அத்தனை கனமும் கைதட்டியது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல... எனக்குத் தலை சுற்றல்கூட மறந்துவிட்டது.

பந்தய நாளுக்கு வருவோம். சோதிக்கிற இளைஞரிடம் ஸ்டெல்லா சுருக்கமாகக் கதையைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, பொட்டு ஒட்டித்தானே இருக்கிறது, லூசாக இல்லையே, இருக்கட்டும் என்றார்.

எங்கள் லயம் முழுக்க, ஸ்டார்ட்டிங் கோட்டை ஒட்டின முதல் வளைவில் கூடியிருந்தது. பின்னால் அந்தோணி மச்சானின் ஜீப். ஜீப்பில் எதையோ சாக்கு போட்டு மூடியிருந்தார். ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டாள். கயிறு. அவள் முறைத்தாள். மனசு கேட்கவில்லை பாப்பா என்று அவர் முனகினார். அப்புறம் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கொடி இறங்கியது.

அந்தக் கார் போட்ட சத்தத்தை அதற்கு முன் நாங்கள் யாரும் கேட்டதில்லை. இத்தனை நாளும் எங்களைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன காரா இது? முதல் வளைவில் ஏழாயிரம் சுற்றில் அது எங்களைக் கடந்தபோது, மற்றவர்களெல்லாம் ஆரவாரம் செய்தார்கள். எங்கள் லயம் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. "ஆத்தி, பொட்டத் தாண்டிருச்சே," என்றார் பாக்கியம் அக்கா, நெஞ்சில் கை வைத்து. பல் வலிக்காரர், இப்போது வாயில் பஞ்சு இல்லாதவர், மெதுவா டீச்சர் என்று கத்தினார். பந்தயத்தில் தன் ஆளை மெதுவாகப் போகச் சொன்ன ரசிகர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

வளைவுகளுக்குள் கார் மறைந்தது. சத்தம் மட்டும் வந்தது. போன வருஷம் நின்ற இடத்தை நெருங்குகிறது என்று சத்தத்தை வைத்தே தெரிந்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். நானும்தான். சத்தம் ஒரு நொடி தணிந்தது... கியர் மாற்றம். மறுபடி எகிறியது. போய்க்கொண்டே இருந்தது. மேலே யாரோ விசில் அடித்தார்கள். மைக்கில் பேசுகிறவர் அவள் பெயரைச் சொன்னார், இந்தத் தடவை சரியாகவே சொன்னார்.

மேலே ஏறிப் போனபோது ஹெல்மெட்டைக் கழற்றி பானெட்டில் வைத்துவிட்டு நின்றிருந்தாள். முடியெல்லாம் கலைந்து, முகமெல்லாம் சிரிப்பு. கல்யாண ஆல்பத்தில்கூட இப்படி ஒரு முகம் கிடையாது. அதற்கு நான் காரணமாக இருக்கலாம். பானெட்டுக்கு அடியிலிருந்து வெறும் எஞ்சின் சூடு வந்தது. கொஞ்சம் ஏலக்காய் மணமும் வந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. பெண்கள் பிரிவில் மூன்றாவது இடம். பிரிவில் மொத்தம் எத்தனை பேர் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பாசத்தில் நாம் பிறருக்குக் கொடுக்கிற ஓய்வு சில சமயம் அவர்களைக் கெடுத்துவிடுகிறது. பிள்ளைக்கு வேலை வைக்காதே, பெரியவர்களை நடக்க விடாதே, மருமகள் பாவம் விட்டுவிடு... அப்புறம் ஒருநாள் புகை வருகிறதே என்று ஆச்சரியப்படுகிறோம். அதுகூடப் பரவாயில்லை. என் பேங்க் சர்வீஸை நினைத்துப் பார்த்தேன். மீட்டர் நன்றாக ஓடியிருக்கிறது. எத்தனை வருஷம் நியூட்ரலில் இறங்கி வந்தேன் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஸ்டெல்லா தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், மூவாயிரத்தைத் தாண்டாமல். முன் சீட்டில் பாக்கியம் அக்கா இருந்தாரே! பின்னாலேயே மச்சானின் ஜீப். வண்டி காலியாகப் போகக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம் அல்லவா? குடை, ஒற்றைச் செருப்பு, கப்பைக் கிழங்கோடு மொத்த லயமும் அதில் ஏறிக்கொண்டது. உட்கார இடமில்லாமல் நான்தான் சாக்கைத் தள்ளிவிட்டு அந்தக் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து வந்தேன்.

அன்று முழுவதும் அதற்குக் கிடைத்த வேலை அது ஒன்றுதான்.